கியர்பாக்ஸ் மாறினால் கிளட்ச் எந்தப் பக்கம்?

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடமிருந்து கிளட்ச், ஃப்ளைவீல் (இஞ்சினின் கிராங்க் தண்டின் பின்முனையில் பூட்டிய கனமான சக்கரம்) பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலானவை பாலக்காட்டிலிருந்து பாறசாலை வரையுள்ள எல்லை ஊர்களிலிருந்து வந்தவை.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: என்னிடம் 1964 மாடல் அம்பாசிடர் மார்க் 2 உள்ளது. 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சின் நல்ல நிலையில் இருப்பதால் அதை மாற்ற மனமில்லை. ஆனால் பாலக்காட்டிலிருந்து கொச்சி போகும் சாலையில் நாலாவது கியரில் வேகம் பிடித்தால் இஞ்சின் கத்துகிறது. இசூசூ இஞ்சின் அம்பாசிடரில் வந்த 5 கியர் பாக்ஸ் ஒன்று பெல் ஹவுசிங்கோடு (கிளட்சை மூடும் மணி வடிவக் கூடு) கிடைத்திருக்கிறது. இஞ்சினுக்கும் அதற்கும் நடுவே வைக்கும் அடாப்டர் பிளேட் கோவையில் செய்து தருகிறார்கள். கியர்பாக்ஸோடு வந்த கிளட்ச் செட்டையே போடலாம் என்கிறார் ஒர்க்‌ஷாப் ஆசான். பழைய கிளட்சே போதும் என்கிறார் என் மாமா. எதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. கிளட்ச் செட் என்று ஒரே பெட்டியில் விற்பதால் அது ஒரே பொருள் என்று நினைத்துவிடுகிறோம். கியர்பாக்ஸ் மாற்றும்போது அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் புது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டில் ஏறுகிறது, ஆகவே ஹப் கியர்பாக்ஸுக்குச் சொந்தம். பிளேட்டின் வெளி வட்டமும், அதை ஸ்பிரிங்கால் அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் ஃப்ளைவீலில் உட்காருகின்றன, அவை இஞ்சினுக்குச் சொந்தம். பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கின் பின்பக்கம் கியர்பாக்ஸ் ஃபோர்க்கோடும் முன்பக்கம் பிரஷர் பிளேட்டின் விரல்களோடும் பொருந்த வேண்டும். தகராறு பெரும்பாலும் இந்த மூன்றாவது இடத்தில்தான் வரும்.

முதலில் இன்புட் ஷாஃப்டைப் பாருங்கள். அதன் நீளவாக்கில் வெட்டிய ஸ்ப்லைன் பற்களை எண்ணுங்கள், வெளி விட்டத்தை வெர்னியரில் அளங்கள். எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போனால் போதாது. பல் எண்ணிக்கை ஒன்றாகவும் விட்டம் அரை மில்லிமீட்டர் வேறாகவும் உள்ள ஹப் ஷாஃப்டில் ஏறிவிடும், ஆனால் ஆட்டம் கொடுக்கும். ஐயாயிரம் கிலோமீட்டருக்குள் ஷாஃப்டின் பற்களைத் தின்றுவிடும். சரியான ஹப், ஷாஃப்டைச் செங்குத்தாக நிறுத்தினால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். பிடித்துத் திருகினால் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது.

பழைய ஃப்ளைவீலும் அதன் 8 அங்குல பிரஷர் பிளேட்டும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, கிளட்ச் பிளேட்டை மட்டும் புது ஹப்போடு செய்துகொள்வதுதான் எங்கள் முதல் யோசனை. ரீலைனிங் செய்யும் பட்டறைகளில் பழைய பிளேட்டின் ஹப்பை எடுத்துவிட்டு கியர்பாக்ஸ் பிளேட்டின் ஹப்பை ரிவெட் அடித்துத் தருவார்கள். ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேளுங்கள்: முடித்த பிளேட்டை மாண்ட்ரலில் (ஹப்பில் பொருந்தும் நேர்த் தண்டு) ஏற்றி, விளிம்புக்கு அருகே டயல் கேஜ் வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டு ஆட்டம் 0.5 மி.மீ.க்கு மேல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆடும் பிளேட் பெடலை முழுக்க மிதித்தாலும் எங்காவது ஒரு பக்கம் உரசிக்கொண்டேயிருக்கும், முதல் கியர் 'கர்ர்' என்றுதான் விழும்.

பழைய பிளேட்டின் கனத்தையும் கவனியுங்கள். புது பிளேட் அதைவிட 1 மி.மீ. மெலிந்திருந்தால், பிரஷர் பிளேட்டைப் பொறுத்தவரை அது ஏற்கெனவே பாதி தேய்ந்த பிளேட். ஸ்பிரிங்கின் அழுத்தம் அதற்கேற்ப மாறிவிடும்.

பழைய 8 அங்குலம் தாங்குமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். லைனிங்கின் (பிளேட்டில் உராயும் பட்டை) வெளி விட்டம் 200 மி.மீ., உள் விட்டம் 130 மி.மீ. என்று வையுங்கள். சராசரி ஆரம் 82.5 மி.மீ. வரும். பிரஷர் பிளேட் அழுத்தம் 350 கிலோ, அதாவது சுமார் 3,430 நியூட்டன். நல்ல ஆர்கானிக் லைனிங்கின் உராய்வு எண் 0.3. இரண்டு பக்கமும் உராய்வதால் 0.3 × 3,430 × 0.0825 × 2. விடை சுமார் 170 நியூட்டன் மீட்டர். உங்கள் இஞ்சின் தருவது 110ஐ ஒட்டித்தான் இருக்கும். இவ்வளவு மிச்சம் எதற்கு என்று தோன்றும். நெல்லியாம்பதி ஏற்றத்தில் லோடோடு ஊர்ந்து போகும்போது லைனிங் சூடேறி உராய்வு எண் 0.22க்கு இறங்கினால் அதே கிளட்ச் 125 நியூட்டன் மீட்டரைத்தான் தாங்கும். அந்த மிச்சம் முழுவதும் சூட்டுக்காக வைப்பது. உங்கள் பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தை ரீலைனிங் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து அளந்து, அந்த எண்ணை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 150க்குக் கீழே வந்தால் பிரஷர் பிளேட்டை மாற்றிவிடுவது நல்லது.

கியர்பாக்ஸின் முதல் கியர் விகிதத்தையும் பார்க்காமல் விடாதீர்கள். பழைய பாக்ஸின் முதல் கியரையும் டிஃபரன்ஷியலையும் பெருக்கினால் 15 வந்து, புதியதில் 13 வருகிறது என்று வையுங்கள். வண்டியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் விழுங்கும் சூடு, அந்த விகிதம் எத்தனை மடங்கு குறைகிறதோ அதன் வர்க்கத்தில் கூடும். 15ஐ 13ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.33, அதாவது மூன்றில் ஒரு பங்கு அதிகச் சூடு. ஐந்தாவது கியருக்காக மாற்றி, முதல் கியரில் கிளட்சைக் கருக்கிக்கொள்வது இப்படித்தான்.

ஆசான் சொன்னபடி முழு இசூசூ செட்டையும் போடுவதானால் ஃப்ளைவீலில் புதிய துளைகள் போட வேண்டும். பிரஷர் பிளேட்டை மையத்தில் நிறுத்துவது போல்ட் என்று நினைத்து டவல் பின்னை (இடம் பிசகாமல் நிறுத்தும் சிறு முளை) விட்டுவிடுகிறார்கள், அது பெரிய தவறு. போல்ட் இறுக்க மட்டுமே. மூன்று டவல் பின்களும் சரியான வட்டத்தில் இருந்தால்தான் பிரஷர் பிளேட்டின் கவர் மையத்தில் நிற்கும். டிரில் பிரஸ்ஸில் புள்ளி அடித்துத் துளைப்பது இங்கே உதவாது, மில்லிங் மெஷினில் ஃப்ளைவீலின் மையத்தை டயல் வைத்துப் பிடித்துச் செய்ய வேண்டும். பழைய துளைக்கும் புதிய துளைக்கும் இடையே போதிய இரும்பு இல்லாவிட்டால் அந்த ஃப்ளைவீலை விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் பிரஷர் பிளேட்டைப் பூட்டி, இரண்டையும் சேர்த்து பாலன்ஸ் செய்து, எந்த நிலையில் பூட்டினோம் என்று இரண்டிலும் குறியிட்டு வையுங்கள்.

எந்த வழியில் போனாலும் ஒரு சோதனையைத் தவிர்க்காதீர்கள். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலில் கையால் அழுத்திப் பிடித்துச் சுற்றுங்கள். ஹப் ஸ்பிரிங்குகள் கிராங்க் போல்ட் தலைகளில் தட்டுகின்றனவா? குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் போல்ட் தலையில் ஒட்டிப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். 1.5 மி.மீ.யாவது வேண்டும், லைனிங் தேயத் தேய ஹப் இன்னும் உள்ளே வரும் என்பதால். தட்டுகிறது என்று பிளேட்டைத் திருப்பிப் போடுபவர்களும் உண்டு. அப்போது ஹப் மறுபக்கம் பிரஷர் பிளேட்டில் தட்டும்.

அடுத்து பைலட் புஷ். இன்புட் ஷாஃப்டின் மூக்கு கிராங்கின் பின்முனைத் துளையில் இந்த வெண்கலப் புஷ்ஷில்தான் தாங்கி நிற்கிறது. அடாப்டர் பிளேட் 12 மி.மீ. கனம் என்றால் ஷாஃப்ட் அவ்வளவு பின்னால் போகிறது. மூக்கு புஷ்ஷுக்குள் பாதிதான் நுழைகிறது என்றால், கியர்பாக்ஸ் பக்கம் நீண்ட புஷ் ஒன்றை லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும். நுண்துளையுள்ள எண்ணெய் வெண்கலம் வாங்குங்கள், சாதாரண பித்தளை வேண்டாம். மூக்குக்கும் புஷ்ஷுக்கும் 0.05 முதல் 0.10 மி.மீ. இடைவெளி போதும். ஓர் இரவு இஞ்சின் ஆயிலில் ஊற வைத்து அடியுங்கள். மறுபக்கம் மூக்கு கிராங்கின் அடியில் முட்டவும் கூடாது, 3 மி.மீ. சும்மா இருக்க வேண்டும். முட்டியபடி பெல் ஹவுசிங் போல்ட்டை இறுக்கினால் கிராங்கின் த்ரஸ்ட் வாஷர் போய்விடும். பழைய புஷ்ஷை எடுக்க, துளை நிறைய கிரீஸ் அடைத்து, பொருத்தமான தண்டு ஒன்றை நுழைத்துச் சுத்தியலால் தட்டினால் கிரீஸே அதைப் பின்னாலிருந்து தள்ளிக் கொண்டுவந்துவிடும்.

இப்போது அந்தத் தகராறுள்ள மூன்றாவது இடம். கிளட்சைப் பூட்டிய பிறகு இஞ்சினின் பின் முகத்திலிருந்து விரல்களின் நுனி வரை எவ்வளவு என்று அளங்கள். 62 மி.மீ. என்று வைப்போம். கியர்பாக்ஸில் ரிலீஸ் பேரிங்கை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, பெல் ஹவுசிங் முகத்திலிருந்து பேரிங் முகம் வரை அளங்கள். அது 59. அடாப்டர் 12. 59உடன் 12ஐக் கூட்டி 62ஐக் கழித்தால் 9 மி.மீ. இடைவெளி. லைனிங் தேயும்போது விரல்கள் பேரிங்கை நோக்கிப் பின்னால் வரும். பிளேட் 2 மி.மீ. தேய்ந்தால், நெம்புகோல் விகிதத்தால், விரல் நுனி 6 முதல் 7 மி.மீ. நகரும். அதற்குமேல் 2 மி.மீ. சும்மா ஆட்டம் வேண்டும். ஆக 9 என்பது சரியாக இருக்கிறது. இடைவெளி 4 என்று வந்திருந்தால், கிளட்ச் பாதி தேய்வதற்குள் பேரிங் விரல்களில் முட்டிக்கொண்டு நிற்கும், கிளட்ச் நழுவும், 'புது பிளேட் சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டை நடக்கும். 15 வந்திருந்தால் பேரிங்கின் பின்னால் ஸ்பேசர் வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர்க் தன் ஓட்டத்தின் முடிவுக்குப் போய்விடும்.

அம்பாசிடர் இஞ்சினின் மூலமான பிரிட்டிஷ் நிறுவனம் பி.எம்.சி.யின் பழைய வண்டிகளில் ரிலீஸ் பேரிங்காகக் கார்பன் வளையம் இருக்கும். அது தட்டையான த்ரஸ்ட் வளையம் உள்ள பிரஷர் பிளேட்டில் மட்டுமே ஓடும். வளையம் இல்லாத டயஃப்ராம் (தட்டு ஸ்பிரிங்) விரல்களில் அதை வைத்தால் சில நாளில் கார்பன் கரைந்துபோகும். பழைய கவரையும் புது பாக்ஸின் பால் பேரிங்கையும் சேர்க்கிறீர்கள் என்றால், த்ரஸ்ட் வளையத்தின் விட்டமும் பேரிங் முகத்தின் விட்டமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கவர் டயஃப்ராம் வகையானால் பேரிங் முகம் வளைந்ததா, விரல் நுனி வளைந்ததா என்று கவனியுங்கள். ஒன்று வளைவாகவும் ஒன்று தட்டையாகவும் இருக்க வேண்டும்.

ஹைட்ராலிக் கிளட்சாக மாற்றுவதானால் சிலிண்டர் அளவை ஊகத்தில் எடுக்க வேண்டாம். பெடல் 130 மி.மீ. இறங்குகிறது, பெடல் விகிதம் 5. மாஸ்டர் (பெடல் பக்கச் சிலிண்டர்) தண்டு 26 மி.மீ. நகரும், சும்மா ஆட்டத்துக்கு 2 போனால் 24. மாஸ்டர் 15.87 மி.மீ., ஸ்லேவ் (கிளட்ச் பக்கச் சிலிண்டர்) 19.05 மி.மீ. விட்டம் என்றால் பரப்பு விகிதம் 1.44. ஸ்லேவ் 16.7 மி.மீ. நகரும். ஃபோர்க் விகிதம் 2 என்றால் பேரிங் 8.3 மி.மீ. நகரும், கிளட்ச் விடும். 'பெடல் லேசாக இருக்கட்டும்' என்று 22.2 மி.மீ. ஸ்லேவ் போட்டால் பேரிங் 6.1 மி.மீ.தான் நகரும். கிளட்ச் முழுக்க விடாது. பிறகு காற்று எடுத்து எடுத்து ஆயில் தீர்வதுதான் மிச்சம்.

கடைசியாக, கியர்பாக்ஸ் மையம். ஃப்ளைவீலில் காந்த ஸ்டாண்ட் வைத்து, பெல் ஹவுசிங்கை அடாப்டரோடு போட்டு இறுக்கி, கியர்பாக்ஸ் உட்காரும் வட்டத் துளையின் உள்சுவரில் டயல் முள்ளை வைத்துச் சுற்றுங்கள். மொத்த வாசிப்பு 0.25 மி.மீ. வரை போகலாம். மையம் விலகியிருப்பது அதில் பாதி. அதற்கு மேலானால் டவல் பின் இடத்தைத் திருத்தாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். மையம் விலகிய பாக்ஸில் பைலட் புஷ் ஒரு பக்கமாகத் தேயும், கிளட்ச் பிளேட் ஹப் பிளந்துபோகும், கியர் தானாக நழுவும். இவை எல்லாம் கியர்பாக்ஸ் கோளாறு போலவே தெரியும் என்பதால்தான் பலர் நல்ல பாக்ஸைக் குறை சொல்லி இரண்டாவது பாக்ஸும் வாங்குகிறார்கள். அடாப்டர் செய்பவரிடம் இந்த அளவைக் கடைசல் வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பாறசாலை வாசகர்: பத்மினியில் (1089 சி.சி.) ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைத்தால் 'பிக்கப்' கூடும் என்கிறார்கள். 2 கிலோ குறைக்கலாமா?

பதில்: கூடும், ஆனால் முதல் கியரில் மட்டுமே தெரியும். விளிம்பிலிருந்து 13 செ.மீ. ஆரத்தில் 2 கிலோ எடுத்தால் நிலைமத் திருப்புத்திறன் (சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) 0.0338 கிலோ மீட்டர்² குறையும். முதல் கியரில் மொத்த விகிதம் 15, டயர் ஆரம் 30 செ.மீ. என்றால், வண்டியிலிருந்து சுமார் 85 கிலோ இறக்கியதற்குச் சமம். மேல் கியரில் விகிதம் 4.5 என்றால் அதே வேலைக்குக் கிடைப்பது 8 கிலோகூட இல்லை. முந்திச் செல்லும் நேரத்தில் அது உதவாது.

இழப்பு வேறு இடத்தில். சிறிய இஞ்சினில் ஏற்றத்தில் நின்று புறப்படும்போது, கிளட்சை விடும் அந்த நொடியில் இஞ்சினை அணையாமல் காப்பாற்றுவது ஃப்ளைவீலில் சேர்ந்த சக்தி. அதைக் குறைத்தால் ஓட்டுநர் ஆக்சிலேட்டரைக் கூட்டிக் கிளட்சை நழுவவிட வேண்டும், லைனிங் சீக்கிரம் கருகும். ஐடிலிலும் நடுக்கம் கூடும். நகரத்திலும் மலையிலும் ஓடும் வண்டிக்கு நாங்கள் பரிந்துரைக்கவில்லை. குறைத்தே தீருவேன் என்றால் முக்கால் கிலோவோடு நிறுத்துங்கள். இஞ்சினைப் பார்த்த முகத்தின் வெளி விளிம்பில் மட்டும் எடுங்கள். கிராங்க் போல்ட் வட்டத்துக்கும் உராய்வு முகத்துக்கும் இடையே உள்ள பகுதியைத் தொடவே கூடாது, ஏனெனில் வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் வெடிப்பது அங்கேதான். வெடித்தால் துண்டுகள் பெல் ஹவுசிங்கைப் பிளந்து கால் வைக்கும் இடத்துக்கு வரும். நடுவில் எடுப்பதால் பலனும் குறைவு: 5 செ.மீ. ஆரத்தில் எடுக்கும் ஒரு கிலோவைவிட 13 செ.மீ. ஆரத்தில் எடுக்கும் ஒரு கிலோவுக்குப் பலன் கிட்டத்தட்ட ஏழு மடங்கு.

மறையூர் வாசகர்: பழைய மகிந்திரா சி.ஜே. 3பி ஜீப். சர்க்கரைக் கட்டி லோடு ஏற்றி ஏற்றத்தில் பின்னால் எடுக்கும்போது வண்டி முழுக்க அதிர்கிறது. புது கிளட்ச் பிளேட், புது பிரஷர் பிளேட் போட்டாச்சு, ஃப்ளைவீலும் கடைந்தாச்சு. அதிர்வு போகவில்லையே அண்ணே?

பதில்: ஃப்ளைவீல் பக்கம் போவதற்கு முன் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பாருங்கள். வில்லிஸ் ஜீப்பில் இஞ்சினின் பின்பக்கத்தையும் சேசிஸ் குறுக்குச் சட்டத்தையும் இணைக்கும் ஒரு கம்பி வடம் உண்டு, இஞ்சின் ஸ்டே கேபிள் என்பார்கள். கிளட்ச் பிடிக்கும்போது இஞ்சின் முன்னும் பின்னும் அசையாமல் தடுப்பது அதன் வேலை. பல ஜீப்புகளில் அது அறுந்து, யாரும் மறுபடி போடாமல் விட்டிருப்பார்கள். கிளட்ச் தண்டுகள் ஒரு முனையில் சேசிஸிலும் மறுமுனையில் பெல் ஹவுசிங்கிலும் தாங்கியிருக்கின்றன. இஞ்சின் அசைந்தால் அந்த அசைவே கிளட்சை மிதித்து மிதித்து விடும். அதுதான் நீங்கள் உணரும் அதிர்வு. ரிவர்ஸில் இழுப்புத் திசை மாறுவதால் அப்போது மட்டும் வரும்.

கேபிளைப் போட்டு, தொய்வு போகும் அளவுக்கு மட்டும் நட்டை முறுக்குங்கள். இழுத்துக் கட்டினால் மவுண்டிங் ரப்பருக்கு வேலையில்லாமல் போய் நடுக்கம் பாடிக்கு வரும். அதோடு முன் மவுண்டிங் ரப்பர், கியர்பாக்ஸ் அடி ரப்பர், ஸ்பிரிங் யூ போல்ட் ஆகியவற்றையும் பாருங்கள். யூ போல்ட் தளர்ந்தால் ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு இதே அதிர்வைத் தரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் போகவில்லை என்றால் ஃப்ளைவீல் முகத்துக்கு வாருங்கள். லேத்தில் கடைந்தீர்களா, கிரைண்டிங் செய்தீர்களா? முன்பு அதிகம் சூடான ஃப்ளைவீலில் நீலக் கறைகள் இருக்கும். அந்த இடங்களில் இரும்பு கடினமாகிவிட்டதால் லேத் டூல் அங்கே தாவிப் போகும், கண்ணுக்குத் தெரியாத மேடு நிற்கும். கிரைண்டிங் கல் மட்டுமே மேட்டையும் பள்ளத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். லோடு வண்டிக்குச் செராமிக் பட்டன் வைத்த பிளேட் நல்லது என்று யாராவது சொல்வார்கள். அது பிடித்தால் ஒரேயடியாகப் பிடிக்கும். ஊர்ந்து ரிவர்ஸ் எடுக்கும் வேலைக்கு ஆகாது, அதிர்வு இன்னும் கூடும். ஆர்கானிக் லைனிங்கே போடுங்கள்.

குமுளி வாசகர்: ஃப்ளைவீலை எவ்வளவு வரை கடையலாம்? ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ஸ்டார்ட்டர் பல் வளையமான ரிங் கியரும் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, திருப்பிப் போடலாமா?

பதில்: கோடு கோடாக விரிசல் தெரிந்தால் கடைந்து பார்க்கலாம். ஆனால் 1 மி.மீ. எடுத்த பிறகும் விரிசல் தெரிந்தால் ஃப்ளைவீலை மாற்றிவிடுங்கள். சில ஃப்ளைவீல்களில் உராய்வு முகமும் பிரஷர் பிளேட் போல்ட் உட்காரும் முகமும் ஒரே மட்டம். சிலவற்றில் இரண்டுக்கும் நடுவே படி இருக்கும். படி இருந்தால் இரண்டு முகத்திலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். உராய்வு முகத்தில் மட்டும் எடுத்தால் பிளேட் பள்ளத்துக்குள் போய் அழுத்தம் குறையும், கிளட்ச் நழுவும். 1 மி.மீ. கடைந்தால் விரல்களும் அவ்வளவு முன்னால் போகும், பேரிங் அட்ஜஸ்ட்மெண்டை மறக்காதீர்கள்.

திருப்பிப் பூட்டிய பின் டயல் கேஜில் முகத்தின் ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அளக்கும்போது கிராங்கை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே சுற்றுங்கள். இல்லாவிட்டால் கிராங்கின் நீள ஆட்டத்தையும் சேர்த்து அளந்துவிட்டு நல்ல ஃப்ளைவீலைக் கோணல் என்பீர்கள். ஆட்டம் இருந்தால் முதலில் கழற்றி, கிராங்க் முகத்தில் தூசியோ பிசிறோ உண்டா என்று பாருங்கள், பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

ரிங் கியரைத் திருப்பிப் போடலாம். நாலு சிலிண்டர் இஞ்சின் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் நிற்கும் என்பதால் தேய்மானம் அங்கேதான் குவியும். திருப்பாமல் கால் சுற்று நகர்த்திப் போட்டாலும் நல்ல பற்கள் அங்கே வரும். ஆனால் பல்லின் சாய்வு வெட்டு ஸ்டார்ட்டர் பினியன் வரும் பக்கம் பார்த்தே இருக்க வேண்டும், திருப்பினால் மறுமுனையிலும் சாய்வு வெட்டிக்கொள்ளுங்கள். சூடாக்கிப் போடும்போது 250 டிகிரிக்குள் நிறுத்துங்கள். சிவக்கும்வரை கேஸ் அடித்தால் பல்லின் கடினம் போய், ஒரு வருடத்தில் மறுபடி இதே வேலை வரும். ஸ்டார்ட்டரை வேறு வகைக்கு மாற்றியிருந்தால் பல்லின் அளவே வேறாக இருக்கலாம். பினியனையும் ரிங்கையும் கையில் பொருத்திப் பார்த்துவிட்டு மோட்டாரை மாட்டுங்கள்.

வாளையாறு வாசகர்: கியர்பாக்ஸ் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டுமா?

பதில்: இஞ்சின் மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்பது தெளிவு, எண் ஆர்.சி.யில் இருக்கிறது. கியர்பாக்ஸுக்கு அப்படி எண் பதிவதில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கமாகவே பொருள் கொண்டது. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், வண்டி அசல் அமைப்பில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. சேசிஸ் டன்னலை வெட்டாமல் கியர்பாக்ஸைப் பொருத்துங்கள். கழற்றிய பழைய பாக்ஸ், ஃப்ளைவீல், தண்டுகள் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிக் கட்டி வையுங்கள்.

செங்கோட்டை வாசகர்: மழைக்காலம் முழுக்க ஆரியங்காவில் அண்ணாச்சி வீட்டு ஷெட்டில் நின்ற மார்க் 2. இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் பெடலை மிதித்தாலும் கியர் விழவில்லை. கிளட்சைக் கழற்ற வேண்டுமா?

பதில்: உடனே வேண்டாம். ஈரத்தில் ஃப்ளைவீல் முகம் துருப்பிடித்து லைனிங்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டியைச் சமதளத்தில், முன்னால் பத்து மீட்டராவது காலியான இடத்தில் நிறுத்துங்கள். இஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். மேல் கியரில் போட்டு, கிளட்சையும் பிரேக்கையும் முழுக்க மிதித்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, ஸ்டார்ட்டரை ஒரு நொடி மட்டும் தட்டுங்கள். நாலைந்து தட்டில் 'டக்' என்று விட்டுவிடும். விடாவிட்டால் மேலும் தட்டி ஸ்டார்ட்டரைக் கெடுக்காமல் கழற்றிவிடுங்கள், லைனிங் பிய்ந்திருக்கலாம். அடுத்த மழைக்கு முன், பெடலை மிதித்த நிலையில் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்தினால் ஒட்டாது.

வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்றும் பாருங்கள். அந்த இஞ்சினின் கிராங்க் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் திருகு வெட்டு மட்டுமே. கிராங்க் சுற்றும்போதுதான் அது வேலை செய்யும். மூக்கு மேலாக ஏற்றத்தில் மாதக்கணக்கில் நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து பெல் ஹவுசிங்குக்குள் இறங்கும். ஹவுசிங்கின் அடியில் உள்ள வடிகால் துளையில் கம்பியை விட்டுப் பாருங்கள். துளை அடைத்திருந்தால் தேங்கிய ஆயில் கிளட்சில் ஏறும். ஆயில் நனைந்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிக் காய வைப்பது சில நாளைக்குத்தான் தாங்கும், லைனிங் மாற்றியே ஆக வேண்டும். கழற்றும்போது பழைய லைனிங் தூசியைக் கம்ப்ரஸரால் ஊதாதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். புது லைனிங் போட்டதும் முதல் 500 கிலோமீட்டருக்கு லோடு ஏற்றி மலை ஏற வேண்டாம். ஊருக்குள் கியர் மாற்றி மாற்றி ஓட்டினால் முகம் முழுக்கச் சமமாகப் படிந்துவிடும்.